கும்பகோணத்தில் ஒரு கல்யாணம்: வெளியூர் விருந்தினர்களுக்கு ஊரைக் காட்டிய விதம், ஒரு நிகழ்வு ஆய்வு

அண்ணன் மகளுக்குக் கடந்த ஆவணியில் கும்பகோணத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில். சனிக்கிழமை மாலை நிச்சயதார்த்தமும் வரவேற்பும், ஞாயிறு காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். மண்டபம், சமையல், மேளம், பூ எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஆள் இருந்தார்கள். "வெளியூர்க்காரங்கள மட்டும் நீ பாத்துக்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்று அண்ணன் என்னிடம் விட்டுவிட்டார். தங்கியிருந்த வெளியூர் விருந்தினர்கள் சுமார் அறுபது பேர்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது நம் பக்கம் பெரும்பாலும் யாருடைய வேலையும் இல்லை. "கோயில் இருக்கு, போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் பெண் வீட்டார் தங்கள் ஓட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்தவர் மண்டபத்து நாற்காலியையும் லாட்ஜ் அறையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், அழைத்த வீட்டுக்கு அது குறைதான். அந்தக் குறையைப் போக்க என்ன செய்தோம், எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன். ஊர் வேறாக இருந்தாலும் இதில் பாதி பொருந்தும் என்று நினைக்கிறேன்.

வந்தவர்கள் யார் யார்

முதலில் செய்த வேலை, வருகிறவர்களை வகை பிரித்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா, பெரியம்மா, அத்தை என்று கோவையிலிருந்து வந்த பெரியவர்கள் ஒரு கூட்டம். கோயில் பார்ப்பதற்காகவே ஒரு நாள் முன்னால் வந்தவர்கள் அவர்கள். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் பெங்களூர் நண்பர்கள் இன்னொரு கூட்டம். அதில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது, சிலர் வேறு மதத்தவர். மூன்றாவது, சிங்கப்பூரிலிருந்து குழந்தைகளோடு வந்த எங்கள் பக்கத்துச் சொந்தம். அப்புறம் சென்னையிலிருந்து காரில் வந்து காரிலேயே திரும்புகிறவர்கள். இந்த நான்காவது கூட்டத்துக்கு நாம் வண்டி தர வேண்டியதில்லை, வழி சொன்னால் போதும்.

இப்படிப் பிரித்த பிறகுதான், எல்லோருக்கும் ஒரே பேருந்தில் ஒரே சுற்று என்ற யோசனை உதவாது என்று தெளிவானது. முழங்கால் வலி உள்ள அத்தையும் பதினோரு வயதுப் பையனும் கணிப்பொறித் துறை இளைஞர்களும் ஒரே வேகத்தில் நடக்க மாட்டார்கள். பெரிய பேருந்து எப்படியும் சாரங்கபாணி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திரும்பாது. பன்னிரண்டு பேர் உட்காரும் டெம்போ டிராவலர் இரண்டு, ஊருக்குள் ஆட்டோ என்று முடிவு செய்தோம்.

நேரம்தான் உண்மையான சிக்கல்

கும்பகோணத்தைச் சுற்றிப் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மூன்று நாள் போதாது. சிக்கலெல்லாம் நேரத்தில்தான் இருந்தது. பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தி, மாலை நான்கு அல்லது நாலரைக்குத்தான் திறக்கும். கல்யாண வீட்டில் விருந்தினர் சும்மா இருக்கும் நேரமோ பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டிலிருந்து நான்குவரைதான். சாப்பாடு முடிந்து, உறக்கமும் வராமல், வெளியே வெயிலில் போகவும் முடியாமல் இருக்கும் அந்த நேரத்தில் ஊரும் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்.

இதோடு வரவேற்பு நாளின் கணக்கு ஒன்று இருக்கிறது. மாலை ஆறரைக்கு வரவேற்பு என்றால் பெண்கள் மூன்று மணியிலிருந்து புடவை, தலைவாருதல், பூ என்று இறங்கிவிடுவார்கள். ஆகவே சனிக்கிழமை மாலையை ஊர் சுற்றக் கணக்கில் எடுக்கவே கூடாது. எடுத்தால் பாதிப் பேர் வர மாட்டார்கள், வந்த மீதிப் பேர் தாமதமாகத் திரும்புவார்கள்.

மூன்றாவதாக, இராகு காலம். நம்புகிறவர், நம்பாதவர் என்ற பேச்சே இதில் இல்லை. பெரியவர்கள் இருக்கும் வண்டி இராகு காலத்தில் கிளம்பாது, அவ்வளவுதான். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை, ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு, திங்கள் ஏழரையிலிருந்து ஒன்பது. கோயில் நடை திறப்பையும் இராகு காலத்தையும் பந்தி நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். உண்மையில் கையில் கிடைத்தவை மூன்றே இடைவெளிகள்: சனி காலை எட்டேகாலிலிருந்து பன்னிரண்டு வரை, ஞாயிறு மாலை நாலேகாலிலிருந்து எட்டு வரை, திங்கள் காலை ஏழரைக்கு முன் தொடங்கும் திரும்பும் பயணம்.

ஞாயிறு காலை முகூர்த்தம் முடிந்து மதியச் சாப்பாடு வரை உள்ள நேரத்தையும் பயன்படுத்தலாமே என்று வீட்டில் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். நாலு மணிக்கு எழுந்து குளித்து, தாலி கட்டும்போது அட்சதை போட்டு, டிபன் சாப்பிட்டவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு பாயும் மின்விசிறியும்தான்.

சனிக்கிழமை காலை: சுவாமிமலை

முதல் வண்டி சிங்கப்பூர்ச் சொந்தங்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு சுவாமிமலைக்குப் போனது. கும்பகோணத்திலிருந்து எட்டு கிலோமீட்டருக்குள்தான். ஆறுபடை வீடுகளில் நான்காவது, பிள்ளை தகப்பனுக்குப் பிரணவப் பொருள் சொன்ன தலம். இந்தக் கதையைப் போகும் வழியில் சொன்னபோதே குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்பாவுக்கே பாடம் எடுத்தானா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

அங்கே சன்னதிக்கு ஏறும் படிகள் அறுபது. பிரபவ, விபவ என்று தொடங்கும் அறுபது தமிழ் வருடங்களுக்கு ஒன்றாக, படிகளில் வருடப் பெயர் எழுதியிருக்கும். ஒவ்வொருவரும் பிறந்த வருடத்தின் தமிழ்ப் பெயரை முதல் நாளே பஞ்சாங்கம் பார்த்துச் சிறு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தோம். தன் படியைத் தேடிக் கண்டுபிடிப்பது குழந்தைகளுக்கு விளையாட்டாகிவிட்டது. பெரியவர்களும் விடவில்லை. படி ஏறுவது கடினம் என்று கீழே உட்கார நினைத்த சித்தப்பா ஒருவர், தன் படி எங்கே என்று பார்க்கவே மெல்ல ஏறினார். சீட்டு எழுத அரை மணி நேரம் ஆகியிருக்கும். மொத்தத் திட்டத்திலேயே செலவில்லாமல் அதிகப் பலன் தந்தது அதுதான்.

அங்கிருந்து சிற்பிகளின் பட்டறை. சுவாமிமலை வெண்கலச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வேலை நடக்கும் முறை சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் உருவான அதே முறைதான். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை நைசாகக் குழைத்துப் பூசி, மேலும் மேலும் மண் அப்பி, காயவைத்துச் சூடாக்குகிறார்கள். மெழுகு உருகி வழிந்துவிட, அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு உடைந்துபோவதால் அந்த அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. ஒவ்வொரு சிலையும் தனி.

இதைச் சொல்லிக் கேட்பதற்கும், ஒரு ஸ்தபதி மெழுகுக் கம்பியைத் திரித்துத் திரித்துச் சிலையின் கழுத்தில் ஆரமாக ஒட்டுவதை ஒரு முழம் தள்ளி நின்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம். குழந்தைகள் அங்கே அமைதியானார்கள். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்கு மெழுகு வேலையும் சிலையை அராவிச் செதுக்கும் வேலையும்தான் கிடைத்தன, அதுவே போதுமானதாக இருந்தது. வேலை செய்யும் இடம் என்பதால் கூட்டமாக நுழையாமல் ஏழெட்டுப் பேராகப் போனோம். எதுவும் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் விருந்தினர் தலையில் விழாதபடி, பார்க்கத்தான் வருகிறோம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

ஊருக்குள் ஆட்டோவில்

பெங்களூர் நண்பர்கள் சனிக்கிழமை ஊருக்குள்ளேயே சுற்றினார்கள். கூடவே கல்லூரியில் படிக்கும் என் மகள். சாரங்கபாணி கோயிலின் பதினோரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே சன்னதித் தெருவில் இருக்கும் கணித மேதை ராமானுஜன் வீட்டுக்குப் போனார்கள். ராமானுஜன் 1887இல் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில். வளர்ந்ததும் டவுன் ஹைஸ்கூலில் படித்ததும் இங்கே. கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கவனம் போகாமல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர், 1918இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1920இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்துவிட்டார். அவர் வாழ்ந்த ஓட்டு வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. 2003இல் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார்.

திண்ணை, சின்னக் கூடம், ஜன்னலோரம் ஒரு கட்டில், பின்னால் சமையலறை. கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அந்த இளைஞர்கள் அங்கிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆகிவிட்டது என்று மகள் வந்து சொன்னாள். அவர்கள் பேரைக் கேட்டும் பாடமாகப் படித்தும் வளர்ந்த ஒருவரின் வீடு அது. கோயிலுக்குள் என்ன செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தயங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வீட்டில் எந்தத் தயக்கமும் இல்லை. வெளியூர்க்காரருக்கு ஊரைக் காட்டும்போது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது என்று எனக்கு உறுதியாகப்பட்டது அதைக் கேட்டபோதுதான்.

ராமசாமி கோயிலும் அதனால்தான் எடுபட்டது. நாயக்கர் காலத்துக் கோயில், முன்மண்டபத் தூண்கள் ஒவ்வொன்றிலும் நுணுக்கமான சிற்பம். உள்ளே பிராகாரச் சுவரில் இராமாயணம் முழுவதும் வரிசையாக ஓவியமாக இருக்கிறது. மூன்று சுற்று வந்தால் கதை முடியும். தமிழ் தெரியாதவர்களும் படத்தைப் பார்த்தே கதை சொல்லிக்கொண்டு நடந்தார்கள். ராமர் பட்டாபிஷேகக் கோலத்தில் சீதையோடு ஒரே ஆசனத்தில் அமர்ந்திருக்கும் சன்னதி அது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பொருத்தமான தரிசனம்.

வேறு மதத்து நண்பர்கள் விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில கோயில்களில் கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதோருக்கு அனுமதியில்லை என்ற பலகை இருக்கிறது. வாசலில் போய் நின்று அதைப் படிக்கும் சங்கடம் விருந்தினருக்கு வரக்கூடாது. யாரும் கேட்காமலேயே, அந்த ஆட்டோ மட்டும் முதலில் ராமானுஜன் வீட்டுக்கும் பிறகு பாத்திரக் கடைத் தெருவுக்கும் போகும்படி வழியை மாற்றி வைத்தோம். எல்லோரும் சேர்ந்து போவதற்கு ஞாயிற்றுக்கிழமை தாராசுரம் இருந்தது.

நவக்கிரகம் கேட்ட பெரியவர்கள்

மாப்பிள்ளையின் பெரியம்மா வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, ஒம்பது கோயிலையும் ஒரே நாள்ல பாத்துப்போட்டு வந்துரலாமுங்களா?" என்பதுதான். கும்பகோணத்தைச் சுற்றி நவக்கிரகத் தலங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சாதாரண நாளில் விடியற்காலையில் கிளம்பி இரவுக்குள் ஒன்பதையும் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மேற்கே திருவையாற்றுப் பக்கம் திங்களூர், கிழக்கே காரைக்காலுக்குள் திருநள்ளாறு, கடல் பக்கம் திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் என்று நாலா திசையிலும் ஓட வேண்டும். அதுவும் சனிக்கிழமையில் சனீஸ்வரனைப் பார்க்கத் திருநள்ளாற்றில் நிற்கும் வரிசையைச் சொல்ல வேண்டியதில்லை. மாலை ஆறரைக்கு வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.

நான் சொன்னது மூன்று கோயில். சூரியனார்கோயில், பக்கத்திலேயே சுக்கிரனுக்குரிய கஞ்சனூர், திரும்பும் வழியில் இராகு தலமான திருநாகேசுவரம். திருநாகேசுவரத்தை ஒட்டியே ஒப்பிலியப்பன் கோயில் இருக்கிறது. அங்கே பெருமாளுக்கு உப்பில்லாமல்தான் நைவேத்தியம். இந்தச் செய்தி பெரியம்மாவுக்குப் பிடித்துப் போனது, ஒன்பதை விட்டுவிட்டு மூன்றும் ஒன்றும் போதும் என்று ஒத்துக்கொண்டார். காலை ஆறரைக்கே கிளம்பிவிட்டதால் இட்லிப் பொட்டலத்தைச் சமையல்காரர் கட்டிக் கொடுத்தார். பதினொன்றரைக்கு மண்டபத்தில் இருந்தார்கள்.

ஒரு குடும்பம் மட்டும் தனியாகக் கார் பேசிக்கொண்டு ஒன்பதையும் பார்க்கப் போனது. வரவேற்பில் பாட்டுக் கச்சேரி பாதி முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தரிசனம் கிடைத்த திருப்தி இருந்தது, சம்பந்தி வீட்டில் கொஞ்சம் முகம் வாடியது. ஒன்பது தலமும் பார்க்க விரும்புகிறவர்கள் கல்யாணத்துக்கு மறுநாளை அதற்கென்று ஒதுக்குவதுதான் முறை.

ஞாயிறு மாலை நாலேகால்

இந்த ஆய்வில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்த நேரத்தைப் பற்றித்தான். முகூர்த்தமும் மதியச் சாப்பாடும் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் தாம்பூலப் பையோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் நெருங்கிய சொந்தமும் அடுத்த சடங்குகளில் இருப்பார்கள். மறுநாள்தான் வண்டி ஏறப்போகிற விருந்தினர்கள் லாட்ஜில் தனியாக இருப்பார்கள். அதுவரை ஆளுக்கு ஆள் கவனித்துக்கொண்டிருந்த வீடு, அந்த மாலையில் அவர்களைக் கவனிப்பதில்லை. அலட்சியத்தால் அல்ல, களைப்பால். விருந்தினருக்கு மனதில் நிற்பது என்னவோ அந்தக் கடைசி மாலைதான்.

ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரே பயணத்தை அந்த நேரத்துக்கு வைத்தோம். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில். ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர்கூட இராது. நாலரைக்கு இராகு காலம் தொடங்குவதால் நாலேகாலுக்கு வண்டி கிளம்பியது. பெரியம்மா ஐந்து நிமிடம் முன்னாலேயே வண்டியில் இருந்தார்.

இரண்டாம் இராசராசன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இது. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. 2004இல் அதோடு தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் சேர்க்கப்பட்டன. மூன்றில் சிறியது தாராசுரம்தான், ஆனால் நெருங்கிப் பார்க்க ஏற்றதும் அதுதான். தஞ்சாவூரில் தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டும், இங்கே குனிந்து பார்க்க வேண்டும். முன்மண்டபம் குதிரை பூட்டிய தேராகச் சக்கரத்தோடு நிற்கிறது. கருவறையின் அடித்தளத்தில் பெரியபுராணத்து அடியார்களின் கதைகள் சாண் அளவுச் சிற்பங்களாக ஓடுகின்றன. ஒரே தலையைக் காளையும் யானையும் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. குழந்தைகள் அதன் முன்னால் வரிசையில் நின்று மறைத்து மறைத்துப் பார்த்தார்கள். பலிபீடத்தருகே தட்டினால் ஒலிக்கும் கல் படிகள் இப்போது கம்பித் தடுப்புக்குள் இருக்கின்றன. தட்டிப் பார்க்க முடியாது என்பதைப் போகும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

மாலை நேரமானதால் தரைக் கல் ஆறத் தொடங்கியிருந்தது. நண்பகலில் வெறுங்காலோடு அந்த முற்றத்தில் நடக்கப் பழகாதவர்களால் முடியாது. இன்னொரு எச்சரிக்கை: கோயில் தெருமட்டத்தைவிடத் தாழ்வாக இருப்பதால் பெருமழை பெய்தால் முற்றத்தில் தண்ணீர் நிற்கும். ஆவணியில் மாலை மழை வரக்கூடும் என்பதால் மதியமே ஒருவரை அனுப்பிப் பார்த்து வரச் சொன்னேன். தண்ணீர் நின்றிருந்தால் மகாமகக் குளம் என்று மாற்று வைத்திருந்தோம்.

தாராசுரத்தில் சௌராஷ்டிர நெசவாளர்கள் வாழும் தெருக்கள் இருக்கின்றன. தெரிந்தவர் வீட்டில் பட்டுத்தறி பார்க்கக் கேட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்திலும் தறியில் உட்கார்ந்து நான்கு இழை போட்டுக் காட்டினார். காலையில் மணப்பெண் கட்டியிருந்த கூரைப் புடவை திருபுவனத்துப் பட்டு. அந்த ஜரிகைக் கரை தறியில் எப்படி ஏறுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு, பெங்களூர்ப் பெண்கள் இருவர் திங்கட்கிழமை காலை திருபுவனம் கூட்டுறவுச் சங்கக் கடைக்குப் போக வேண்டும் என்று வழி கேட்டார்கள்.

கடைசியில் மகாமகக் குளக்கரை. முழங்கால் வலிக்காரர்கள் கோயிலுக்கு வராமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் பதினாறு மண்டபங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாசியில் நடக்கும் மகாமகம் கடைசியாக 2016இல் நடந்தது, அடுத்தது 2028இல். அதற்கு வருகிறோம் என்று கோவைக்காரர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள். தங்கும் இடத்தை இப்போதே பேசி வைக்கச் சொன்னேன். அப்புறம் எல்லோருக்கும் டிகிரி காபி.

பந்தி, வண்டி, துணைக்கு ஆள்

ஊர் காட்டும் திட்டம் சமையலறையோடு சேர்ந்த விஷயம் என்பது பலருக்குத் தோன்றாது. இருபத்தைந்து பேரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பினால் முதல் பந்தியில் இருபத்தைந்து இலை காலி. அவர்கள் பன்னிரண்டரைக்குத் திரும்பினால் மூன்றாம் பந்தி நிரம்பி வழியும். தலைமைச் சமையல்காரரிடம் முதல் நாளே எந்த வண்டியில் எத்தனை பேர், எப்போது திரும்புகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தோம். அவர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். திரும்பி வந்தவர்கள் யாரும் ஆறிப்போன சாதம் சாப்பிடவில்லை.

வண்டியைப் பொறுத்தவரை, நல்ல முகூர்த்த நாளில் ஊரிலிருக்கும் எல்லா வேனும் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் பேசப்பட்டிருக்கும். ஒரு மாதம் முன்பாகவே பேசாவிட்டால் கிடைக்காது. பேசும்போதே எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். ஓட்டுநருக்கும் பந்தியில் இலை உண்டு என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்காக வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு அரை மணி கழித்து வரும் தொல்லை இருக்காது. வாடகையைப் பெண் வீட்டார்தான் கொடுத்தோம். ஆட்டோவுக்கு நாங்களே தருகிறோம் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தபோது விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் தடுத்தால் அவர்களுக்கும் கூச்சமாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒவ்வொரு வண்டியிலும் வீட்டு ஆள் ஒருவர். பெரிய வரலாற்று அறிவெல்லாம் வேண்டாம். செருப்பை எங்கே விடுவது, கழிவறை எங்கே, எந்தக் கடையில் தண்ணீர் நன்றாக இருக்கும், எப்போது கிளம்ப வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். இந்த வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். கல்யாண வீட்டில் அவர்களுக்குத்தான் பொறுப்பு ஏதும் இருக்காது. விருந்தினரோடு சீக்கிரம் பழகியவர்களும் அவர்களே.

ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கக் குறிப்பு அனுப்பினோம். அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை கோயிலுக்கு வேண்டாம், கழற்ற எளிதான செருப்பு கொண்டு வாருங்கள், குழந்தைகளுக்கு ஒரு ஜோடி காலுறை, தொப்பி, காவிரியில் தண்ணீர் ஓடுகிற காலம் என்பதால் துணையில்லாமல் படித்துறையில் இறங்க வேண்டாம். அவ்வளவுதான். இடங்களின் பட்டியலை அதில் போடவில்லை. நாற்பது இடத்தைப் பட்டியல் போட்டால் விருந்தினருக்குத் திகைப்புதான் மிஞ்சும். ஆளுக்கு இரண்டு நல்ல இடம் போதும், அதில் ஒன்றாவது கோயில் அல்லாததாக இருக்கட்டும். எவ்வளவு பக்தி இருந்தாலும் மூன்றாவது கோயிலில் காலும் கண்ணும் தளர்ந்துவிடுகின்றன. கோவைப் பெரியவர்களிடமே அதைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை: திரும்பும் வழியில் தஞ்சாவூர்

தஞ்சாவூர் பார்க்காமல் போவதா என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வந்தது. கும்பகோணத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர், போக வர இரண்டரை மணி நேரம் சாலையிலேயே போய்விடும். கல்யாண நாட்களுக்கு நடுவில் அதை நுழைக்க முடியாது. ஆனால் சிங்கப்பூர்க்காரர்கள் விமானம் ஏறுவது திருச்சியில், தஞ்சாவூர் அந்த வழியில்தான் இருக்கிறது. ஆகவே அவர்களைப் பெட்டி படுக்கையோடு ஏழு மணிக்கே வண்டியேற்றினோம், இராகு காலத்துக்கு முன்னால். எட்டரைக்குப் பெரிய கோயில். ஓட்டுநர் வண்டியிலேயே இருப்பார் என்று பேசியிருந்ததால் பெட்டிகளைப் பற்றிக் கவலையில்லை.

1010இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த கோயில், விமானம் சுமார் 216 அடி. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று குழந்தைகளுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலை வெயிலில் நிழல் நீளமாகத் தரையில் கிடந்ததை அவர்களே பார்த்தார்கள். அதைவிட வியப்பான உண்மை சுவரில் இருக்கிறது. கோயிலில் பணியாற்ற வந்த நானூறு ஆடல்மகளிரின் பெயரையும், அவர்களுக்குக் கொடுத்த வீடுகள் எந்தத் தெருவில் எத்தனையாவது என்பதையும் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். பிறகு அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். இரண்டு நாள் முன்பு சுவாமிமலையில் மெழுகைப் பார்த்த பையன், "இதுக்கும் மண்ணை உடைச்சாங்களா?" என்று கேட்டானாம். சுவாமிமலைக்குப் பிறகு தஞ்சாவூர் என்ற வரிசை தற்செயலாக அமைந்தது, ஆனால் இனி அதே வரிசையில்தான் சொல்வேன்.

சென்னைக்குக் காரில் திரும்பியவர்களுக்கு அணைக்கரை வழியாகக் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சொன்னோம். வழியிலிருந்து சற்றே விலகினால் போதும். புல்வெளி, கூட்டம் குறைவு, குழந்தைகள் ஓடலாம். சிவபெருமான் சண்டேசருக்குத் தலையில் பூமாலை சூட்டும் சிற்பத்தைத் தவற விட வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வாங்கியவர்களுக்கு ஒரு குறிப்பு. பீடம், தண்டு, தட்டு, உச்சி எனத் திருகிக் கழற்றும்படி இருக்கும், தனித்தனியாகத் துணியில் சுற்றலாம். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். கனமான உலோகத் தண்டைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

அடுத்த தையில்

அண்ணனின் இரண்டாவது மகளுக்குத் தையில் கல்யாணம். இதே திட்டம் அப்படியே பொருந்தாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பதால் தை பாதிக்கு மேல் ஆற்றில் தண்ணீர் குறையும். ஆகவே படித்துறைப் பக்கம் காலை நடை எதையும் வைக்கவில்லை. மதிய வெயில் தாங்கும்படி இருக்கும், ஆகவே நடை சாத்தியிருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறையைச் சேர்க்கலாம். பொங்கலுக்குப் பிறகு வரும் முதல் முகூர்த்தங்களில் ஊரில் ஒரு அறைகூடக் கிடைக்காது. வேன் இரண்டும் பேசியாகிவிட்டது. முகூர்த்தம் இம்முறை வெள்ளிக்கிழமை, இராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. மாலை முழுவதும் தடையில்லாமல் கிடைக்கிறது.